சுங்கை சிப்புட் யாரை நம்பியது? துன் சம்பந்தனின் வாழ்வும் ஒரு சிறுநகரின் வாக்குப் பெட்டியும்

ஈப்போவிலிருந்து வடக்கே, கோலகங்சார் செல்லும் பழைய கூட்டரசு சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பயணம் செய்தால் சுங்கை சிப்புட் வந்துவிடும். ஒரு ரயில் நிலையம், சாலையின் இரு பக்கமும் கடை வரிசைகள், சுற்றிலும் ரப்பரும் செம்பனையும், உள்ளே தள்ளிப் போனால் சுங்கை பிளஸ் ஆற்றங்கரையில் ஒராங் அஸ்லி கிராமங்கள். பெரிய ஊர் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால், பொதுத்தேர்தல் வந்துவிட்டால் நாட்டு இந்தியர்கள் அனைவரும் இந்த ஊரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். 1959 முதல் 2004 வரை நடந்த 11 பொதுத்தேர்தல்களிலும் இங்கு வென்றது ம.இ.கா. வேட்பாளர்தான். 2008 முதல் 2022 வரை நடந்த 4 பொதுத்தேர்தல்களில் ஒருமுறைகூட ம.இ.கா. இங்கு வெல்லவில்லை. ஒரே ஊர், இரண்டு வேறு கணக்குகள்.

இந்தக் கணக்கின் முதல் வரியில் இருப்பவர் துன் வீ.தி. சம்பந்தன். இளையோர் பலருக்கு இன்று அவர் ஒரு சாலையின் பெயர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மோனோரயில் நிலையத்தின் பெயர். தலைநகரில் ஒரு கட்டடத்தின் பெயர். ஆனால், அவர் வாழ்க்கையைச் சுங்கை சிப்புட்டின் வாக்குச் சீட்டோடு சேர்த்துப் படித்தால்தான், மலாயாவில் ஓர் இந்தியத் தலைவர் யாருடைய ஆதரவில் நின்றார், யாருக்காக நின்றார், அந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்பது புரியும்.

ஒரே தேதியில் இரண்டு நிகழ்வுகள்

திருஞானசம்பந்தன் பிறந்தது 1919ஆம் ஆண்டு ஜூன் 16. பிறந்த ஊர் சுங்கை சிப்புட்.

சரியாக 29 ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டு ஜூன் 16 காலையில், அதே ஊரை ஒட்டிய எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முடிவுக்கு வர 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இந்தப் பொருத்தம் தற்செயல்தான். ஆனால், சுங்கை சிப்புட்டின் அரசியல் மனநிலையைப் புரிந்துகொள்ள அந்த நாளிலிருந்து தொடங்குவது நல்லது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தோட்டப் பாட்டாளிகளிடையே வலுவாக இருந்தவை இடதுசாரித் தொழிற்சங்கங்கள். கூலி உயர்வுக்காகவும் கௌரவத்துக்காகவும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தோழர் பி. வீரசேனன் அதே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கங்கள் கலைக்கப்பட்டன. 1950க்குப் பிறகு புறம்போக்கு நிலங்களில் குடியிருந்தவர்கள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களின் லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு வேலியிடப்பட்டன.

அதாவது, தோட்டத் தமிழன் அரசியல் பேசுவதற்கு இருந்த ஒரு வாசல் மூடப்பட்ட நேரம் அது. இன்னொரு வாசல் திறக்க வேண்டியிருந்தது. அந்த வாசலில் நின்றவர்களில் ஒருவர், அந்த ஊரின் தோட்ட முதலாளியின் மகன்.

முதலாளியின் மகன், பாட்டாளிகளின் தலைவர்

சம்பந்தனின் தந்தை எம்.எஸ். வீராசாமி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து மலாயா வந்தவர். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு உரிமையாளராக உயர்ந்தார். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இந்திய விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. காந்தியமும் காங்கிரஸ் அரசியலும் அந்த இளைஞரை ஆழமாகத் தொட்டன. போர் முடிந்த பிறகு அவர் ஊர் திரும்பியபோது, அவரிடம் பட்டம் மட்டும் அல்ல, தமிழில் மேடையேறிப் பேசும் பழக்கமும் இருந்தது.

1954ஆம் ஆண்டு சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி உருவாவதற்கு அவர் முன்னின்றார். அதைத் திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். அவசரகாலச் சோதனைச் சாவடிகள் இன்னும் அகற்றப்படாத ஒரு சிறுநகரத்தில், தோட்டப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் எழும்பியது. அந்தப் பள்ளி இன்றும் அங்கே இருக்கிறது.

முதலாளியின் வீட்டுப் பிள்ளை பாட்டாளிகளுக்குத் தலைவர் ஆவது என்பது முரண்தான். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954இல் உருவானபோது, அதன் பொதுச்செயலாளர் பி.பி. நாராயணன் அரசியல் கட்சிகளிடமிருந்து சங்கத்தைத் தள்ளியே வைத்தார். கூலிப் பேச்சுவார்த்தை சங்கத்தின் வேலை, அரசியல் ம.இ.கா.வின் வேலை என்று இரண்டும் பிரிந்து நின்றன. ஒரே மக்களுக்கு இரண்டு தலைமைகள். சம்பந்தனின் அரசியல் வாழ்வு முழுவதும் இந்தப் பிரிவு தொடர்ந்தது.

கட்சியின் மொழி மாறியது

1946 ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் தொடங்கப்பட்ட ம.இ.கா., முதல் பத்தாண்டுகளில் நகர்ப்புறத்தின் ஆங்கிலம் கற்றவர்களின் கட்சியாகவே இருந்தது. வழக்கறிஞர்களும் வணிகர்களும் அதன் முன்வரிசையில் இருந்தார்கள். நாட்டு இந்தியர்களில் பெரும்பான்மையினரோ தோட்டங்களில் இருந்த தமிழர்கள். கட்சிக்கும் அவர்களுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தது.

கே.எல். தேவாசர் தலைமையில் 1954இல் ம.இ.கா., அம்னோவும் ம.சீ.ச.வும் அமைத்திருந்த கூட்டணியில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே சம்பந்தன் கட்சியின் தேசியத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 36கூட நிறையவில்லை. அவருடைய காலத்தில்தான் கட்சிக் கூட்டங்களில் தமிழ் முதன்மை பெற்றது. கிளைகள் தோட்டங்களுக்குள் சென்றன. கோயில் நிர்வாகத்தினரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கங்காணிகளும் கட்சிப் பொறுப்பாளர்கள் ஆனார்கள்.

இதனால் இழப்பும் இருந்தது. நகர்ப்புறப் படித்தவர்களில் பலர் ஒதுங்கினார்கள். தமிழர் அல்லாத இந்தியர்களில் ஒரு பகுதியினர், இது இனித் தங்கள் கட்சி அல்ல என்று கருதத் தொடங்கினார்கள். ஆனால், எண்ணிக்கையில் ம.இ.கா. ஒரு மக்கள் கட்சியாக மாறியது அந்த ஆண்டுகளில்தான்.

நேசித்தவர்களிடம் வாக்கு இல்லை

1955 ஜூலையில் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. கூட்டணி 52 இடங்களில் 51 இடங்களை வென்றது. பேராக்கின் வடக்குக் கிந்தா தொகுதியில் வென்றவர் சம்பந்தன். ம.இ.கா. சார்பில் அந்தச் சட்டமன்றத்துக்குத் தேர்வு பெற்றவர்கள் இருவர், மற்றவர் தேவாசர்.

இந்த வெற்றியின் உள்ளே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. அந்தத் தேர்தலில் பதிவு பெற்றிருந்த ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்களில் 100க்கு 84 பேர் மலாய்க்காரர்கள். சீனர்கள் 11 பேர். இந்தியர்களும் மற்றவர்களும் சேர்ந்து 5 பேருக்கும் குறைவு. தோட்டங்களில் சம்பந்தனுக்கு மாலை அணிவித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாதவர்கள். அவர்களால் அவருக்கு வாக்களிக்க முடியாது. அவரை மன்றத்துக்கு அனுப்பிய வாக்குகளில் பெரும்பகுதி, அம்னோ கிளைகள் திரட்டிக் கொடுத்த மலாய் வாக்குகளாகத்தான் இருக்க முடியும்.

கூட்டணி என்ற ஏற்பாடு இயங்கிய விதம் இதுதான். ஓர் இடத்தில் இந்திய வேட்பாளருக்கு மலாய்க்காரர்கள் வாக்களிப்பார்கள். இன்னோர் இடத்தில் மலாய் வேட்பாளருக்கு இந்தியர்கள் வாக்களிப்பார்கள். தனித்து நின்றால் எந்தத் தொகுதியிலும் வெல்ல முடியாத ஒரு சமூகம், இந்த ஏற்பாட்டில் அமைச்சரவைக்குள் நுழைந்தது. துங்கு அப்துல் ரஹ்மான் அமைத்த முதல் அமைச்சரவையில் சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார்.

ஆனால், அதற்கு ஒரு விலையும் உண்டு. தன்னை நேசிக்கும் மக்களிடம் வாக்கு இல்லாத தலைவர், வாக்கு வைத்திருக்கும் தோழமைக் கட்சியிடம் எவ்வளவு தூரம் குரல் உயர்த்த முடியும்? சம்பந்தனின் பொதுவாழ்வு முழுவதையும் இந்தக் கேள்வி பின்தொடர்ந்தது. அவர் மென்மையானவர், கேட்டு வாங்கத் தெரியாதவர் என்று அவர்மீது விமர்சனம் வைத்தவர்கள் உண்டு. வாக்காளர் பட்டியலைப் பார்த்தால் அந்த மென்மைக்கு ஒரு காரணம் தெரிகிறது.

சொந்த ஊரின் பெயரில் ஒரு தொகுதி

சுதந்திரம் வந்தபோது குடியுரிமைச் சட்டம் தளர்ந்தது. 1957 ஆகஸ்ட் 31க்குப் பிறகு இந்த மண்ணில் பிறப்பவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் ஆனார்கள். அதற்கு முன் பிறந்தவர்களும் நீண்டகாலமாக வாழ்ந்தவர்களும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி ஏற்பட்டது. மலாய்மொழித் தேர்விலும் முதல் ஓராண்டுக்குச் சலுகை தரப்பட்டது.

விளைவு அடுத்த தேர்தலிலேயே தெரிந்தது. 1959இல் வாக்காளர் எண்ணிக்கை 21 லட்சத்தைத் தாண்டியது. மலாய்க்காரர் ஏறத்தாழ 57 விழுக்காடு, சீனர் 36, இந்தியர் 7 என்று பட்டியலின் நிறமே மாறியது. அந்தத் தேர்தலில் சுங்கை சிப்புட் என்ற பெயரிலேயே ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. சம்பந்தன் அங்கே நின்றார், வென்றார். ம.இ.கா.வுக்குக் கிடைத்த 4 தொகுதிகளில் 3இல் வெற்றி. 1964இலும் அவர் அதே ஊரில் வென்றார்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் 30 கிலோமீட்டர் தெற்கே பார்க்க வேண்டும். 1959இல் ஈப்போவும் மெங்லெம்புவும் உட்பட கிந்தா பள்ளத்தாக்கின் 4 நாடாளுமன்றத் தொகுதிகள் எதிர்க்கட்சியான மக்கள் முற்போக்குக் கட்சியின் கைக்குப் போயின. அந்தக் கட்சியை நடத்தியவர்களும் தமிழர்கள்தாம்: இலங்கைத் தமிழ் வழிவந்த வழக்கறிஞர் சகோதரர்கள் டி.ஆர். சீனிவாசகமும் எஸ்.பி. சீனிவாசகமும். அவர்களுக்கு வாக்களித்தவர்கள் பெரும்பாலும் ஈயச் சுரங்க வட்டாரத்துச் சீனர்கள். மொழிக் கொள்கையிலும் கல்விக் கொள்கையிலும் அரசாங்கத்தின்மீது இருந்த மனக்குறையை அவர்கள் அந்தச் சகோதரர்களின் பெட்டியில் போட்டார்கள்.

ஆக, ஒரே மாநிலத்தில், ஒரே நெடுஞ்சாலையில், இரண்டு தமிழ்த் தலைமைகள். ஒன்று சீன வாக்குகளின் பலத்தில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து உரக்கப் பேசியது. மற்றொன்று மலாய், இந்திய வாக்குகளின் கூட்டில் அமைச்சரவையில் அமர்ந்து மெல்லப் பேசியது. இரண்டுமே தமிழ் வாக்குகளை மட்டும் நம்பி நின்றிருந்தால் இரண்டும் தோற்றிருக்கும். நம்மிடையே இன்றும் நடக்கும் ஒரு விவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சுங்கை சிப்புட் ஏன் ஈப்போவின் வழியில் போகவில்லை? ஊரின் அமைப்பே ஒரு விடை. கடைத்தெருவிலும் புதுக்கிராமங்களிலும் சீனர்கள், கம்பங்களில் மலாய்க்காரர்கள், தோட்டங்களில் இந்தியர்கள் என்று வாக்குகள் மூன்றாகப் பிரிந்திருந்த இடம் அது. எவரும் தனித்து முடிவு செய்ய முடியாது. மூன்றில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கே வெற்றி. கூட்டணியின் ஏற்பாடு அப்படிப்பட்ட ஊருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. வேட்பாளர் அதே ஊரில் பிறந்தவர், அமைச்சரும்கூட என்பது கூடுதல் பலம்.

துண்டாடலும் பத்து வெள்ளியும்

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி லாபத்துக்கு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். துண்டாகிப்போன நிலத்துக்குப் பத்துக் குடும்பங்கள் தேவையில்லை. இரண்டு பேர் போதும். தலைமுறைகளாகப் பால் வெட்டிய குடும்பங்கள் ஒரே நேரத்தில் வேலையையும் வீட்டையும் இழந்தன. லயம், கோயில், பள்ளி, மருந்தகம் எல்லாம் தோட்டத்தோடு கட்டுண்டவை. தோட்டம் போனால் அத்தனையும் போகும்.

துண்டாடலைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. பேராசிரியர் உங்கு அஜிஸ் அதன் தீமைகளை ஆராய்ந்து எழுதினார். ஆனால், அரசாங்கம் துண்டாடலை நிறுத்தவில்லை. ஆளும் கூட்டணியில் அங்கம் வகித்த ஒரு கட்சித் தலைவர் என்ற முறையில் சம்பந்தனால் அதை நிறுத்தவும் முடியவில்லை. இது அவருடைய அரசியலின் எல்லை.

அந்த எல்லையில் நின்றுகொண்டு அவர் வேறு வழி தேடினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளி மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்குவது, சேர்ந்த பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்தை முழுதாக வாங்குவது, துண்டாடாமல் நடத்துவது. யோசனை எளிது. நாள் கூலியில் வாழ்கிறவனிடம் பத்து வெள்ளி கேட்பதுதான் கடினம். சம்பந்தனும் அவருடன் உழைத்த கே.ஆர். சோமசுந்தரமும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். மாலைகளில் லயத்து முற்றங்களிலும் கோயில் திடல்களிலும் கூட்டங்கள் நடந்தன.

1961இல் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது. பிறகு ஒவ்வொன்றாகப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சேர்ந்தன. வெள்ளைக்காரத் துரை இருந்த பங்களாவின் உரிமை, பால்வாளி தூக்கியவர்களின் பெயருக்கு வந்தது. மலேசிய இந்தியர்களின் பொருளாதார வரலாற்றில் இதற்கு இணையான கூட்டு முயற்சி அரிது.

அதன் அளவையும் மறந்துவிடக் கூடாது. துண்டாடப்பட்ட நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியது சிறு பகுதிதான். காப்பாற்றப்படாத தோட்டங்களின் குடும்பங்கள் நகர ஓரங்களில் புறம்போக்கு வீடுகளுக்கு நகர்ந்தன. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பின்னாளில் எப்படி வாக்களித்தார்கள் என்பது இந்தக் கதையின் கடைசிப் பகுதி.

1969: தலைவர் வென்றார், கூட்டணி ஆட்டம் கண்டது

1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தோட்டங்களை உலுக்கியது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை அனுமதி பெற்றாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வாய்ப்பு இருந்தும், விவரம் அறியாமலோ, பத்திரங்கள் இல்லாமலோ, ஊருக்கு ஒருநாள் திரும்பலாம் என்ற நினைப்பிலோ பலர் சிவப்பு அடையாள அட்டையோடே இருந்துவிட்டார்கள். ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் அந்த நாள்களில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதாகக் கணக்கிடப்படுகிறது. குடும்பங்கள் துறைமுகத்தில் பிரிந்தன. சமூகத்தின் பிரதிநிதி அமைச்சரவையில் இருந்தும் இது நடந்ததே என்ற வேதனை மக்களிடம் ஏற்பட்டது. அந்த வேதனையின் ஒரு பங்கு சம்பந்தன்மீதும் விழுந்தது.

1969 மே 10 பொதுத்தேர்தலில் கூட்டணிக்குப் பெரும் சரிவு. பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் கூட்டணிக்குக் கிடைத்தவை 19 மட்டுமே, பெரும்பான்மை இல்லை. மக்கள் முற்போக்குக் கட்சி 12 இடங்களை வென்றது. அதன் தலைவர் டி.ஆர். சீனிவாசகம் தேர்தலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார். ம.இ.கா. நாடாளுமன்றத்தில் 2 இடங்களோடு நின்றது. கிள்ளானில் வீ. மாணிக்கவாசகமும் சுங்கை சிப்புட்டில் சம்பந்தனும் வென்றார்கள்.

மாநிலமே ஆட்டம் கண்ட வேளையிலும் சொந்த ஊர் அவரைக் கைவிடவில்லை. வாக்குச் சீட்டு ரகசியமானது. யார் எதற்காக வாக்களித்தார் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால், மாநிலத்தின் போக்குக்கு எதிராக ஒரு தொகுதி நிற்கும்போது, அங்கே கட்சிச் சின்னத்தைத் தாண்டி ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது என்று கொள்ளலாம். பள்ளிக்கூடம், கூட்டுறவு, ஊர்ப்பிள்ளை என்ற உறவு ஆகியவை அந்தப் பெட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும்.

மே 13க்குப் பிறகு நாட்டின் அரசியலே மாறியது. துங்குவின் காலம் முடிந்து துன் ரசாக் வந்தார். புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இனங்களுக்கிடையே தலைவர்கள் கைகுலுக்கிப் பேசி முடித்துக்கொள்ளும் பழைய பாணிக்கு மதிப்புக் குறைந்தது. சம்பந்தன் அந்தப் பழைய பாணியின் மனிதர்.

பதவி விலகலும் மறைவும்

ம.இ.கா.வுக்குள் தலைமைப் போட்டி முற்றியது. துணைத் தலைவர் மாணிக்கவாசகத்தின் ஆதரவாளர்களுக்கும் சம்பந்தனின் ஆதரவாளர்களுக்கும் இடையிலான மோதல் கிளைகள்வரை பரவியது. துன் ரசாக்கின் தலையீட்டுக்குப் பிறகு, 18 ஆண்டுகள் வகித்த தலைமைப் பொறுப்பிலிருந்து சம்பந்தன் 1973இல் விலகினார். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு, தேசிய ஒற்றுமை எனப் பல அமைச்சுகளைக் கவனித்தவர் அவர். 1974 தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. அதன் பிறகு தேசிய ஒற்றுமைக்கான வாரியத்தின் தலைவராகப் பணியாற்றினார். கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் அவர் விடவில்லை.

1979ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி, 60 வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்த நிலையில், அவர் காலமானார். அவருக்குப் பின் தலைமை ஏற்ற மாணிக்கவாசகமும் அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார். ஒரே ஆண்டில் ஒரு தலைமுறை முடிந்தது.

செல்வந்தர் வீட்டில் பிறந்து, அந்தச் செல்வத்தில் கணிசமான பகுதியைப் பொதுவாழ்வில் கரைத்தவர் என்று மூத்தோர் அவரைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அவருடைய அரசியலைக் குறை சொல்பவர்கள்கூட அவருடைய கை சுத்தத்தைக் குறை சொல்வதில்லை.

அவருக்குப் பின் அந்த ஊர்

1974இல் சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. நிறுத்திய வேட்பாளர் ச. சாமிவேலு. அந்த ஆண்டு முதல் 2004 வரை 8 பொதுத்தேர்தல்களில் அவரே வென்றார். 1959 முதல் 2008 வரை 49 ஆண்டுகள் இந்த ஊருக்கு இரண்டே நாடாளுமன்ற உறுப்பினர்கள். இருவருமே ம.இ.கா.வின் தலைவர்களாகவும் பொதுப்பணி அமைச்சர்களாகவும் இருந்தவர்கள். வேறு எந்தச் சிறுநகரத்துக்கும் அப்படி ஒரு வரலாறு அமைவது கடினம்.

2008 மார்ச் 8 அன்று அது முடிந்தது. மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்த டாக்டர் மைக்கல் ஜெயக்குமார், கெஅடிலான் சின்னத்தில் நின்று 1,821 வாக்குகள் பெரும்பான்மையில் சாமிவேலுவை வென்றார். முந்தைய ஆண்டு நவம்பரில் கோலாலம்பூரில் நடந்த ஹிண்ட்ராஃப் பேரணியின் தாக்கம் நாடு முழுவதும் இருந்தது. ஆனால், சுங்கை சிப்புட்டில் அதற்கு முன்பே ஒரு வேலை நடந்து வந்தது. தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினையைத்தான் ஜெயக்குமாரும் அவருடைய தோழர்களும் பல ஆண்டுகளாகப் பேசி வந்தார்கள். சம்பந்தன் பத்து வெள்ளியால் தீர்க்க முயன்ற அதே கேள்வி, ஐம்பது ஆண்டுகள் கழித்து வேறு உருவத்தில் வாக்குப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

ஜெயக்குமார் 2013இலும் வென்றார். 2018இல் அவர் தம் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்றபோது வைப்புத்தொகையை இழந்தார். வென்றவர் கெஅடிலான் கட்சியின் எஸ். கேசவன். 2022இல் ம.இ.கா. தேசியத் தலைவர் டான்ஸ்ரீ எஸ்.ஏ. விக்னேஸ்வரனே களமிறங்கியும், 1,846 வாக்குகள் வித்தியாசத்தில் கேசவன் தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார்.

இந்த நாடாளுமன்றத் தொகுதிக்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. 2008 முதல் ஜாலோங் ஜ.செ.க. பக்கம், லிந்தாங் தேசிய முன்னணியின் பக்கம். ஒரு பாதி ஒரு திசையிலும் மறுபாதி இன்னொரு திசையிலும் சாய, ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருக்கும் இந்திய வாக்காளர்கள் தராசின் முள்ளாக இருக்கிறார்கள்.

1955இல் சம்பந்தனை நேசித்த மக்களிடம் வாக்கு இல்லை. அவர் அரசியல் செய்த காலத்திலேயே அது மெல்ல மெல்ல அவர்கள் கைக்கு வந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பித்த ஒவ்வொரு தோட்டத் தொழிலாளியும் அந்த மாற்றத்துக்குப் பங்களித்தார். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள், சம்பந்தன் தலைமை தாங்கிய கட்சியைத் தோற்கடிக்கும் பலத்தோடும், வேண்டுமானால் மீண்டும் வெல்ல வைக்கும் பலத்தோடும் இருக்கிறார்கள். 1,821, 1,846 போன்ற எண்கள் அதைத்தான் சொல்கின்றன.

ஒரு கட்சிக்கு அது தோல்வியாகத் தெரியலாம். ஆனால், வாக்கில்லாத மக்களுக்காகப் பேசத் தொடங்கிய ஒருவரின் வாழ்வை வைத்துப் பார்த்தால், அது வேறு விதமாகவும் தெரிகிறது. இனி எவரும் சுங்கை சிப்புட்டைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள முடியாது. மலாயாவின் பழைய அரசியலில் அந்த நிலையில் இருந்த இந்தியர்கள் மிகச் சிலர்.

அடுத்த தேர்தலில் அங்கே யார் நின்றாலும், கடைத்தெருவுக்கும் கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் ஒருசேரப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 1959இல் அந்த ஊர் முதன்முதலாக வாக்குச் சீட்டில் கேட்டதும் அதுவே.